மணியடித்த பிறகு பத்து நிமிடம்

கல்லூரியில் எல்லாத் துறைகளுக்கும் பொதுவான வகுப்பறைக் கட்டடம் வரப்போகிறது என்றதும் ஒவ்வொரு துறையும் ஓர் அறைப் பட்டியல் கொடுக்கும். அதைக் கூட்டிப்போட்டு வரைய உட்காருவதுதான் முதல் தவறு. கேட்டு வாங்க வேண்டியது கால அட்டவணையை. வாரத்துக்கு 40 பீரியட். ஓர் அறையில் 20 பீரியட்தான் பாடம் நடக்கிறது, அப்போதும் பாதி இருக்கை காலி என்றால், அந்த அறையின் பயன்பாடு 25 சதவீதம். 'இடமே இல்லை' என்ற புலம்பல் இந்தக் கணக்குக்குப் பிறகு கொஞ்சம் அடங்கும்.

அளவு விஷயத்தில் ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதி நமக்கு வசதி: டுடோரியல் அறை 33 சதுர மீட்டர், வகுப்பறை 66, செமினார் ஹால் 132. ஒன்றுக்கு ஒன்று இரட்டிப்பு. பில்லர்களை இரு திசையிலும் 8.4 மீட்டர் இடைவெளியில் நிறுத்தினால், 200 மி.மீ. சுவர் போக உள்ளே 67 சதுர மீட்டர் நிற்கும். நான்கு பில்லருக்கு நடுவிலான ஒரு கட்டம் வகுப்பறை. அதில் பாதி டுடோரியல். இரண்டு சேர்ந்தால் செமினார். தடுப்புச் சுவரை நாளை இடிக்க வேண்டிவரும், ஆகவே ஒயரிங்கை அதில் புதைக்காமல் காரிடார் பக்கச் சுவரிலேயே ஓட்ட வேண்டும். பின்னாளில் நூலகம் வரும் என்ற பேச்சு இருந்தால், எந்தத் தளம் என்பதை ஸ்ட்ரக்சுரல் என்ஜினியரிடம் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. வகுப்பறைத் தளம் புத்தக அடுக்குகளின் எடையைத் தாங்காது.

300 பேர் அரங்கை இந்தக் கட்டங்களுக்குள் திணிக்கக் கூடாது. அரங்கின் நடுவே பில்லர் நிற்கக் கூடாது; கீழே வைத்தால் மேல்தளப் பில்லர்களைச் சுமக்க ராட்சத பீம். உச்சியில் வைத்தால் 300 பேரும் மாடி ஏற வேண்டும். நீளம் 45 மீட்டரைத் தாண்டும் கட்டடத்துக்கு எப்படியும் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட் (வெப்பத்தில் கட்டடம் விரிய விடும் இடைவெளி) விட வேண்டும். அதற்கு அந்தப் பக்கம் அரங்கைத் தனியாக நிறுத்திவிடலாம்.

நிஜமான சோதனை மணியடித்த பிறகுதான். தளத்துக்கு 60 பேர் வகுப்பறை எட்டு என்றால் 480 பேர். 2016 தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி படிக்கட்டுக்குத் தலைக்கு 10 மி.மீ. அகலம், ஆக 4.8 மீட்டர். 2.4 மீட்டரில் இரண்டு படிக்கட்டு போட்டால் விதி திருப்தியாகிவிடும். ஆனால் அது ஆபத்தில் எல்லோரும் ஒரே திசையில் இறங்கும் கணக்கு. துறைக் கட்டடத்தில் மாணவர் உட்கார்ந்திருப்பார், ஆசிரியர் மாறுவார். பொதுக் கட்டடத்தில் 480 பேர் இறங்கும்போதே இன்னொரு 480 பேர் ஏறுகிறார்கள். எனவே மணிக்கு மணி மாறும் வகுப்புகள் கீழே, மூன்று மணி நேரம் அசையாத லேப் மேலே. கெமிஸ்ட்ரி லேபின் புகைக்குழாய்க்கும் மொட்டைமாடி பக்கத்திலேயே கிடைத்துவிடும். அதிர்வு ஆகாத கருவிகள் மட்டும் தரைத்தளத்தில். வகுப்பறைக் கதவுகள் வெளிப்பக்கம் திறந்தாலும் காரிடாரில் நீட்டாதபடி சுவரை உள்வாங்க வேண்டும்.

பிறகு வளர்ச்சி. மேலே மாடி எழுப்பலாம் என்று பில்லர் கம்பியை நீட்டி விட்டுவைப்பார்கள்; வேலை தொடங்கும்போது அது துருவேறியிருக்கும், மொட்டைமாடியின் வாட்டர்ப்ரூஃபிங்கையும் பெயர்த்தாக வேண்டும், கீழே செமஸ்டர் வேறு நடந்துகொண்டிருக்கும். பக்கவாட்டில் நீட்டுவதே மேல். கழிப்பறையையும் படிக்கட்டையும் வளரப்போகும் முனையில் வைத்து வழியை அடைத்துவிடாமல் இருந்தால் போதும்.

வரைபடத்தில் விட்டுப்போகிற சின்ன அறை ஒன்று உண்டு: நுழைவாயிலை ஒட்டி, கட்டடப் பொறுப்பாளருக்கான அறை. அது இல்லாவிட்டால் சாவிக்கொத்து ஏதோ ஒரு துறை அலுவலகத்துக்குப் போகும். அடுத்த செமஸ்டரில் கதவில் அந்தத் துறையின் பெயர்ப்பலகை தொங்கும்.