விளிம்பில் ஒதுங்கும் டான்டலம்

பிரான்சின் நடுப்பகுதியில் எஷாசியேர் என்ற ஊருக்குப் பக்கத்தில் போவ்வார் கிரானைட் இருக்கிறது. அதன் மேல்பகுதியில் ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம் சிதைந்து வெண்களிமண்ணாகிவிட்டது. பீங்கானுக்காக அதை 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வெட்டுகிறார்கள். களிமண்ணைக் கழுவினால் அடியில் தங்கும் கனமான மணலில் வெள்ளீயம், டான்டலம், நியோபியம் என்ற மூன்று உலோகங்களும் உண்டு. 2022-ல் இமெரிஸ் நிறுவனம் இங்கே லித்தியம் எடுக்கப்போவதாக அறிவித்த பிறகு எல்லோர் கண்ணும் லித்தியம் உள்ள லெபிடோலைட் மைக்கா மேல்தான்.

நான் எலக்ட்ரான் மைக்ரோப்ரோப் இயக்குபவன். எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சி, வெளிவரும் எக்ஸ்ரேயை வைத்துக் கனிமத்தின் கலவையை அளக்கும் கருவி அது. லித்தியம் மிக லேசான தனிமம் என்பதால் எங்கள் கருவியால் அதை அளக்க முடியாது. லேசர் கருவிக்குத்தான் அனுப்ப வேண்டும். எனக்கு இந்தப் பாறையில் பிடித்தது நியோபியமும் டான்டலமும் கலந்த கொலம்பைட் கனிமம். தலைமுடி அளவுகூட இல்லாத மணிகள். பட்டுத் திரும்பும் எலக்ட்ரான்களால் எடுக்கும் பின்சிதறல் படத்தில் நியோபியம் மிகுந்த நடுப்பகுதி மங்கலாகவும், டான்டலம் மிகுந்த விளிம்பு பளிச்சென்றும் தெரியும். நியோபியத்தின் அணு எண் 41-க்கும் டான்டலத்தின் 73-க்கும் உள்ள வித்தியாசம் அது. பாறைக்குழம்பில் டான்டலக் கனிமம் நியோபியக் கனிமத்தைவிட எளிதில் கரையும். அதனால் நியோபியம் முதலில் படிகமாகிறது. டான்டலம் கடைசிவரை குழம்பிலேயே தங்கி, பிறகு வெளிவளையமாகப் படிகிறது.

எல்லா மணியும் இவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. சிலவற்றில் வளையம் அரிக்கப்பட்டிருக்கும், விரிசலுக்குள் மைக்ரோலைட் புகுந்திருக்கும். அது சுண்ணாம்புச்சத்துள்ள டான்டலக் கனிமம். பின்னால் வந்த வெந்நீர்த் திரவங்கள் விட்டுச்சென்றது. முழுப்பாறையில் நியோபியம்–டான்டலம் விகிதம் 5-க்குக் கீழே போனால் திரவங்களும் வேலை செய்திருக்கின்றன என்று 2016-ல் வந்த ஒரு கட்டுரை வாதிட்டது. விகிதம் அப்படிக் குறையக் குழம்பு படிகமாவது ஒன்றே போதும் என்பவர்களும் உண்டு. ஒரே மணியில் இரண்டின் தடயத்தையும் பார்ப்பதால், விகிதத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

"சராசரி கலவை மட்டும் கொடுங்கள், போதும்" என்று கேட்பவர்கள் அதிகம். கொடுக்கலாம்தான். ஆனால் நடுவிலும் விளிம்பிலும் எடுத்த அளவுகளைக் கூட்டி வகுத்தால் வரும் எண், அந்த மணியில் எங்குமே இல்லாத ஒரு கலவை. அதனால் எங்களிடம் புதிதாகச் சேர்பவர்களுக்கு நான் சொல்வது: முதலில் படம், அப்புறம் அளக்கும் புள்ளி. இன்னொன்று, டான்டலத்தின் எம் என்ற எக்ஸ்ரே கோடு சிலிக்கானின் கோட்டோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் எல் என்ற இன்னொரு கோட்டில் அளக்க வேண்டும்.

மாதிரியைப் பொடித்துவிட்டால் இந்த வளையங்கள் போய்விடும். பொடி மட்டும் அனுப்புகிறவர்களிடம் அதே இடத்துப் பாறையில் ஒரு துண்டும் சேர்த்து அனுப்பச் சொல்கிறேன்.