அட்டையில் ஒரு பனிக்கண்ணாடி

வட துருவத்தை ஒட்டிய பனிப்பகுதியில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொல்லக் காகிதத்தில் என்ன செய்யலாம் என்று தேடினால், முதலில் வந்து நிற்பது பஞ்சு ஒட்டிய இக்லூ, அதாவது பனிவீடுதான். பார்க்க அழகு, ஆனால் செய்து முடித்தால் பஞ்சு ஒட்டத் தெரிந்திருக்கும், அவ்வளவுதான். செய்யும்போதே ஏதாவது புரியவேண்டும் என்று நினைத்து, மகளோடு உட்கார்ந்து வேறு சிலவற்றைச் செய்து பார்த்தேன்.

எல்லாவற்றிலும் எளிது பனிக்கண்ணாடி. பனியில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் கூசவைப்பதோடு நிற்காது. புற ஊதாக் கதிர் கருவிழியைச் சுட்டுவிடும், சில மணி நேரத்தில் கண்ணைத் திறக்கவே முடியாது. அதற்காக இனுயிட் மக்கள் காரிபு மான்கொம்பு, வால்ரஸ் தந்தம், கடலில் ஒதுங்கும் மரக்கட்டை ஆகியவற்றில் மெல்லிய கீறல் விட்டு, கண்ணை மூடும் கவசம் செய்துகொண்டார்கள். நமக்குச் சத்துமாவு டப்பாவின் அட்டை போதும். நீளம் 15 செ.மீ., அகலம் 5 செ.மீ. மூக்குக்காகக் கீழ்விளிம்பில் ஒரு வளைவு, கண்ணுக்கு நேரே 3 மி.மீ. உயரத்தில் கிடையாக ஒவ்வொரு கீறல் (கட்டர் வேலை பெரியவர்களுடையது), இரண்டு ஓரத்திலும் துளையிட்டு எலாஸ்டிக். உட்பக்கம் கறுப்பு ஸ்கெட்ச் பேனா. அவர்கள் புகைக்கரி பூசியதும் உள்ளே கூச்சம் வராமலிருக்கத்தான்.

வெயில் விழுந்த வெள்ளைச் சுவரைப் பார்க்கச் சொன்னேன், கண் சுருங்கவில்லை. (சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது, முதலிலேயே சொல்லிவிடுங்கள்.) மகள் பவர் கண்ணாடி போடுபவள். அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் எதிரே காலண்டர் எழுத்து கொஞ்சம் தெளிவாகிறது. கீறல் சிறியதாக இருப்பதால் கலங்கல் குறைகிறது. அவளுக்கு அது ஒரே ஆச்சரியம். நாள் முழுக்க வீட்டுக்குள் அதோடுதான் திரிந்தாள்.

அப்புறம் இக்லூ, பஞ்சு இல்லாமல். கவிழ்த்த கிண்ணத்தின் மேல் சார்ட் அட்டைத் துண்டுகளை அடுக்கினோம். நிஜத்தில் இறுகிய பனியில் வெட்டிய கட்டிகள் வட்டம் வட்டமாக ஏறுவதில்லை, முதல் வரிசையைச் சாய்வாகச் சீவிவிட்டுச் சுருளாக ஏற்றுகிறார்கள். துண்டுகளைச் செவ்வகமாகவே வெட்டினால் மேலே போகப் போக இடைவெளி விழும். மேல்விளிம்பைக் குறுக்கி வெட்டினால் தானாக உள்ளே சாய்ந்து உட்கார்ந்துவிடும். பனிக்கத்தி பிடித்தவரும் அதைத்தான் செய்கிறார். உச்சியில் கடைசித் துண்டை மகள் பொருத்தினாள். இக்லூ வேட்டைக்குப் போகும்போது தங்கப் போட்டதுதான் பெரும்பாலும், இப்போது அவர்கள் இருப்பது சாதாரண வீடுகளில், ஓட்டுவது ஸ்னோமொபைல் என்பதையும் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

இனுக்சுக் கல்லடுக்கைக் கிழித்த காகிதத்தில் ஒட்டினோம், சீக்கிரம் முடிந்தது. மரமே இல்லாத வெளியில் வழிகாட்டும் அடையாளம் அது. 1999-ல் கனடாவில் உருவான நுனாவுட் பிரதேசத்தின் கொடியிலும் சிவப்பு நிறத்தில் இருக்கிறது.

இன்னும் சரியாக வராதது ஆந்தை ஸ்டென்சில். அந்த நுனாவுட்டின் கிங்கைட் ஊர்க் கலைஞர் கெனோஜுவாக் அஷேவாக் 1960-ல் படைத்த ஆந்தை 1970-ல் கனடாவின் தபால்தலையிலேயே ஏறியது. அந்த இறகு விசிறலை அட்டையில் வெட்டி, ஸ்பாஞ்சால் வண்ணம் ஒற்றினோம். வண்ணம் தண்ணியாக இருந்தால் விளிம்புக்குள் கசிகிறது. டியூபிலிருந்து கெட்டியாகவே எடுத்து, ஸ்பாஞ்சை ஒரு காகிதத்தில் தட்டிவிட்டு ஒற்றினால் பரவாயில்லை.

அடுத்தது எலும்பைத் தூக்கிப்போட்டுக் குச்சியில் மாட்டும் அவர்களுடைய விளையாட்டு. எலும்புக்குப் பதில் இறுக்கிச் சுருட்டிய காகிதக் குழல், கொஞ்சம் நூல், ஐஸ் குச்சி. குழலின் வாய் எவ்வளவு அகலம் இருக்கலாம் என்பதில்தான் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.