செங்கல் சுவரில் பூத்த உப்பு

முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டின் கிழக்குச் சுவருக்கு அப்பா பூச்சே போடவில்லை. "செங்கல்லுக்கு எதுக்குச் சட்டை?" என்பார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அதில் ஊறிய சுவர் பொங்கலுக்குள் வெள்ளை வெள்ளையாகப் பூத்துவிட்டது.

போகிக்கு முன்னால் டியூபைப் பிடித்துக் கழுவினேன். பளிச்சென்று ஆனது. காய்ந்ததும் மறுபடி வெள்ளை. கோபத்தில் பாத்ரூம் ஆசிட்டை எடுத்து, காய்ந்த சுவரிலேயே ஒரு முழத்துக்கு ஊற்றித் தேய்த்தேன். செங்கல் மஞ்சளாகிவிட்டது, இடுக்குச் சிமெண்ட்டும் மணல்மணலாக உதிர்ந்தது.

பழக்கமான மேஸ்திரி வந்தார். திட்டவில்லை. விரலை நனைத்து வெள்ளையின் மேல் ஓர் இழுப்பு, மறைந்தது.

"இது உப்புக்கா. செங்கல்லுலயும் சிமெண்ட்டுலயும் இருக்குறதுதான். ஈரத்தோட வெளிய வரும், ஈரம் காஞ்சா இது மட்டும் நின்னுக்கும். தண்ணி ஊத்துனா கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும்."

வெயில் காய்ந்த நாளில் தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்து, விழும் தூளை அங்கேயே விடாமல் அள்ளிவிட வேண்டுமாம். கம்பி பிரஷ் கூடவே கூடாது. ஒடிந்து ஒட்டிக்கொள்ளும் துணுக்குகள் பின்னால் துருவாகும்.

சன்ஷேடுக்குக் கீழே வழிந்திருந்த வெள்ளைக் கோடு மட்டும் நனைத்தும் மறையவில்லை. ஒரு சொட்டு ஆசிட் விட்டார், நுரைத்தது. அது சுண்ணாம்பு. ஆசிட் அதற்குத்தான், அதுவும் சுவரை நன்றாக நனைத்துவிட்டு, ஒரு பங்கு ஆசிட்டைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலந்து, கையுறை போட்டு, கடைசியில் நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஏசி தண்ணீர் சொட்டும் இடத்துப் பாசிக்கு பிளீச்சிங் பவுடர் கரைசல். ஜன்னல் கம்பியின் துருக்கறைக்கு ஆக்சாலிக் ஆசிட். பிளீச்சிங்கையும் ஆசிட்டையும் மட்டும் சேரவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

எல்லாம் சொல்லிவிட்டு மேலே அண்ணாந்து பார்த்தார். "மழை நின்னு எத்தனை நாளாச்சு, இங்க எப்படிக்கா இன்னும் ஈரம்?" மொட்டை மாடித் தொட்டியின் பைப் அந்தச் சுவரை ஒட்டித்தான் இறங்குகிறது. பைப் வளையும் எல்போவில் கசிவு. எத்தனை மாதமாகவோ!

எல்போவை மாற்றியாயிற்று. போன மழைக்கும் கொஞ்சம் பூத்தது, தேய்த்து அள்ளிவிட்டேன். என் மஞ்சள் திட்டுக்கு முன்னால் செம்பருத்தித் தொட்டியை நகர்த்தி வைத்திருக்கிறேன்.