சர்க்கரைக் குப்பிக்கு வராத பறவை

முதல் நாள் காலை ஐந்தரைக்கே முழிப்பு வந்துவிட்டது, அலாரம் எதுவும் வைக்கவில்லை, வெளியே யாரோ இரும்பைத் தட்டுகிற மாதிரி டொக்... டொக்... என்று ஒரு சத்தம். நம்ம ஊரில் செம்மார்புக் குக்குறுவான் அரசமரத்தில் உட்கார்ந்து தட்டுமே, அதே சாயல், ஆனால் பத்து மடங்கு பெரிய சுத்தியல். ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வராந்தாவுக்கு வந்தால் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி, மேலே மரங்களின் தலை மட்டும் தெரிகிறது. விடுதி ஊழியர் ஒருவர் சத்தமில்லாமல் ஒவ்வொரு குப்பியாகச் சர்க்கரைத் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். அவர் கையை எடுப்பதற்குள் முதல் ஹம்மிங்பேர்ட் வந்து குப்பியில் அலகை வைத்துவிட்டது.

இது 2019 ஜனவரியில் நாங்கள் டிரினிடாட் போன கதை. டொராண்டோவில் மகள் வீட்டில் இருந்தோம், வெளியே எட்டிப் பார்க்க முடியாத குளிர். அங்கிருந்து போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கு நேரடி விமானம் இருக்கிறது, ஐந்தரை மணி நேரம்தான் என்று மகள் சொன்னதும் நான் வேறு எதையும் யோசிக்கவில்லை, ஏனென்றால் பறவை பார்க்கிறவர்கள் மத்தியில் ஆசா ரைட் இயற்கை மையம் என்ற பெயரை நான் இருபது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டிரினிடாட்டின் வடக்கு மலைத்தொடரில், அரிமா என்ற ஊரிலிருந்து வளைந்து வளைந்து ஏறுகிற பிளாஞ்சிஷூஸ் சாலையில், ஏறக்குறைய 1,200 அடி உயரத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் கோகோ, காப்பி, ஆரஞ்சு விளைந்த ஸ்பிரிங் ஹில் என்ற எஸ்டேட். ஐஸ்லாந்தில் பிறந்த ஆசா ரைட் என்ற அம்மாளிடம் இருந்த அந்த நிலம், பறவைகளுக்காகவே 1967இல் ஓர் அறக்கட்டளையின் கைக்கு வந்தது. கவனிக்க ஆளில்லாத கோகோ மரங்களுக்கு நடுவே காடு திரும்ப எழுந்துவிட்டது. பழைய எஸ்டேட் பங்களாவின் வராந்தாதான் உலகம் முழுக்கப் பேசப்படுகிற அந்த வராந்தா.

டிரினிடாட்டைத் தீவு என்கிறோம், ஆனால் வெனிசுவேலாவுக்கும் அதற்கும் இடையில் மிகக் குறுகலான இடத்தில் 11 கிலோமீட்டர் கடல்தான். பனியுகத்தில் கடல் மட்டம் தாழ்ந்திருந்தபோது அது தென் அமெரிக்காவோடு ஒட்டிய நிலம். அதனால்தான் இவ்வளவு சின்ன நாட்டில், டொபாகோவையும் சேர்த்து, 470க்கும் மேற்பட்ட பறவை வகைகள் பதிவாகியிருக்கின்றன. விமான நிலையத்தில் பணம் மாற்றும்போதே எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, ஒரு டாலர் நோட்டில் செந்நிற அரிவாள் மூக்கன், ஐந்து டாலரில் மோட்மோட். 2018 வரை செல்லுபடியான ஒரு சென்ட் நாணயத்தில் ஹம்மிங்பேர்ட்கூட இருந்தது. பறவையை நோட்டில் போடுகிற நாட்டின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

சரி, வராந்தாவுக்கு வருகிறேன். ஹம்மிங்பேர்டைத் தமிழில் ஓசனிச்சிட்டு, ரீங்காரச்சிட்டு என்றெல்லாம் எழுதுகிறார்கள். சிலர் தேன்சிட்டு என்றே எழுதிவிடுகிறார்கள், அது தவறு. நம் தேன்சிட்டுக்கும் இதற்கும் உறவே கிடையாது. நம் தேன்சிட்டு பெரும்பாலும் காம்பைப் பிடித்து உட்கார்ந்துதான் தேன் குடிக்கும். இது அந்தரத்தில் அப்படியே நிற்கும், குடித்து முடித்ததும் பின்பக்கமாகவே பறந்து வெளியே வரும். இதையெல்லாம் வீடியோவில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். ஆனால் முகத்திலிருந்து ஒரு முழ தூரத்தில் அது நிற்கும்போது இறக்கையின் காற்று கன்னத்தில் படுகிறது பாருங்கள், அது எந்த வீடியோவிலும் இல்லை.

குப்பிகளுக்கு ராஜா வெண்கழுத்து ஜாகோபின். நீலத் தலை, தூய வெள்ளை வயிறு, பின்கழுத்தில் பிறைபோல ஒரு வெள்ளைத் திட்டு. வெண்மார்பு எமரால்டு என்ற பச்சைப் பறவையும், பிட்டத்தில் செம்பு மின்னுகிற இன்னொன்றும் ஓயாமல் சண்டை போடுகின்றன. குப்பியில் ஆறு துளை இருக்கும், ஆனால் ஒன்று குடிக்கும்போது இன்னொன்று பக்கத்தில் வரக் கூடாது! துரத்திக்கொண்டு நம் காதோரமாகப் போகும்போது சின்ன மோட்டார் ஓடுகிற சத்தம். தண்ணீர் நான்கு பங்கு, வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, அவ்வளவுதான், வேறு எதுவும் சேர்க்கக் கூடாது. தேன் ஊற்றினால் சீக்கிரம் புளித்துப் பூஞ்சை பிடிக்கும், சிவப்புச் சாயம் தேவையே இல்லை. குப்பியை அடிக்கடி கழுவாவிட்டால் பறவைக்கு நோய்தான் மிஞ்சும்.

வராந்தாவுக்குக் கீழே மேசைகளில் வாழைப்பழம், பப்பாளி, தர்பூசணி வைத்திருந்தார்கள். அங்கே வேறு கூட்டம். ஊதா ஹனிக்ரீப்பர் என்று ஒன்று, உடம்பு கருநீலம், கால் மட்டும் எலுமிச்சை மஞ்சள், யாரோ வண்ணம் தீட்டிவிட்ட மாதிரி. பக்கத்தில் பச்சை ஹனிக்ரீப்பர், வெள்ளிப் பளபளப்பான அலகோடு ஒரு டனேஜர், எங்கு பார்த்தாலும் மஞ்சள் வயிற்று பனானாக்விட். மேலே உயரமான மரத்திலிருந்து ஓரோபெண்டோலாவின் கூடுகள் தொங்குகின்றன. தூக்கணாங்குருவிக் கூட்டை ஒரு மீட்டருக்கு மேல் இழுத்து நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி. மேசையிலிருந்து சிந்துகிற பழத்துக்காகக் கீழே அகூட்டி வரும், முயல் அளவு, வால் இல்லாத மாதிரி தெரியும், முகம் பெருச்சாளி முகம், ஆனால் நடப்பது நம் சருகுமான் போல ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து. அதற்கும் பின்னால் உடும்பு மாதிரி பெரிய டெகு பல்லி ஒன்று.

முதல் நாள் காலை ஐந்தரையிலிருந்து பத்து மணி வரை நான் குப்பிகளை விட்டு நகரவே இல்லை. அறுநூறு படம் எடுத்திருப்பேன். மனைவி எழுந்து வந்து டீ குடித்துவிட்டு, கூட்டம் பிடிக்காமல் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து மெல்லிய குரலில், “ஏங்க, இங்க வாங்க, இங்க ஒரு வண்டு மாதிரி இருக்கு, வண்டு இல்ல போலிருக்கு” என்றாள். ஜாகோபின் ஒன்று நல்ல வெளிச்சத்தில் நின்றுகொண்டிருந்தது, இதோ வருகிறேன் என்று சொல்லி அதை எடுத்து முடித்துவிட்டுப் போனேன். போய்விட்டிருந்தது. அவள் சொன்ன அடையாளத்தை வைத்து எங்கள் வழிகாட்டி உடனே சொல்லிவிட்டார், கொண்டை கோக்கெட் என்ற பொடி ஹம்மிங்பேர்ட், ஆண். அதைத்தான் நான் பார்க்க வந்தேன். அந்த ஒரு பறவைக்காகவே வந்தேன் என்றுகூடச் சொல்லலாம்.

வழிகாட்டி சொன்னதைக் கேட்டதும்தான் உறைத்தது. கோக்கெட் குப்பிக்கு அநேகமாக வராது. ஏழு சென்டிமீட்டர்கூட இல்லாத பறவை, எடை இரண்டு கிராமுக்குக் கொஞ்சம் மேல், அதாவது கால் பவுனும் ஒரு குன்றிமணியும். அது பெரியவற்றின் சண்டைக்குள் வராமல், மற்றவை அவ்வளவாகச் சீண்டாத சின்னச் சின்ன பூக்களில் வண்டு போல மெதுவாகப் போய்க் குடித்துவிட்டு நழுவிவிடும். எந்தச் செடி என்று கேட்டேன். படிக்கட்டு ஓரம் இருந்த புதரைக் காட்டினார், அங்கே வெர்வெய்ன் என்கிறார்கள். நீளமான குச்சி போன்ற கதிர், அதில் ஒரு நேரத்தில் நாலைந்து நீலப் பூ மட்டும். எனக்குத் தெரிந்த செடி. நம்ம ஊர் சாலையோரத்தில் முளைக்கிற சீமை நாயுருவி! மூவாயிரம் டாலர் லென்ஸை எல்லாரும் திருப்பிவைத்திருந்த இடத்துக்கு முதுகைக் காட்டி நின்றவளுக்குத்தான் அது கிடைத்தது.

மறுநாள் காட்டுக்குள் போனோம். அந்த இரும்பு தட்டுகிற பறவை தாடி மணிப்பறவை. ஆணுக்குத் தொண்டையில் புழு புழுவாகக் கறுப்புத் தாடி தொங்கும். அரைமணி நேரம் தேடியும் குரல்தான், பிறகு வழிகாட்டி ஸ்கோப்பை ஒரு இலை இடுக்கில் நிறுத்தினார், அது வாயைத் திறந்து தட்டியபோது தாடி ஆடியதைப் பார்த்தேன். கொஞ்சம் தள்ளி மானக்கின் என்ற சின்னப் பறவைகளின் நடனக் களம். வெண்தாடி மானக்கின் ஆண் ஒவ்வொன்றும் காட்டுத் தரையில் தனக்கென்று ஒரு சின்ன இடத்தைச் சருகு ஒன்றுகூட இல்லாமல் பெருக்கி வைத்திருக்கும், நம் வீட்டு வாசல் தோற்றது போங்கள். இரண்டு மெல்லிய செடித் தண்டுக்கு இடையே சுண்டிவிட்ட மாதிரி பாயும், ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் சுள்ளி ஒடிகிற சத்தம், அது வாயிலிருந்து வருவது இல்லை, இறக்கையிலிருந்து. 1950களின் இறுதியில் டேவிட் ஸ்னோ என்ற பறவையியலாளர் இதே பள்ளத்தாக்கில் இருந்துகொண்டு இந்த நடனத்தை ஆராய்ந்தார். பக்கத்தில் இருக்கும் சிம்லா ஆய்வு நிலையத்தில்தான் வேலை பார்த்தார். அதை அமைத்தவர் வில்லியம் பீபி என்ற அமெரிக்க இயற்கையியலாளர். டிரினிடாட் மலையில் சிம்லா என்று பெயர் பார்த்ததும் ஒரு நொடி எனக்கு எந்த நாட்டில் இருக்கிறேன் என்றே குழம்பியது.

அதே ஸ்னோ ஆராய்ந்த இன்னொரு பறவை எண்ணெய்ப் பறவை. அதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். அது வசிக்கும் இடத்தை டன்ஸ்டன் குகை என்கிறார்கள், பார்த்தால் குகை என்பதைவிட மலையில் விழுந்த ஆழமான விரிசல், அடியில் ஓடை ஓடுகிறது. ஒரு நேரத்தில் சிலரை மட்டும்தான் விட்டார்கள், பேசக் கூடாது. கணுக்கால் தண்ணீரில் நின்றோம். உள்ளேயிருந்து வந்த சத்தத்தை எப்படிச் சொல்வது, கழுத்தை நெரிக்கும்போது வருகிற அலறலும் உறுமலும் கலந்த மாதிரி, பத்துப் பதினைந்து தொண்டையிலிருந்து ஒரே சமயத்தில். அங்குள்ள மக்கள் இதைக் குட்டிச் சாத்தான் என்ற அர்த்தத்தில் டியாப்ளோட்டான் என்று அழைத்ததில் ஆச்சரியமே இல்லை. வழிகாட்டி டார்ச்சைச் சில நொடி பாறைத் திட்டின் மேல் காட்டினார். செம்பழுப்பு உடம்பு, வெள்ளைப் புள்ளிகள், வளைந்த அலகு, வெளிச்சம் பட்டுச் சிவந்த கண்கள்.

இரவில் பறந்து பழம் மட்டும் தின்கிற பறவை உலகத்தில் இது ஒன்றுதான். இருட்டுக் குகைக்குள் வௌவால் மாதிரி எதிரொலியை வைத்து வழி கண்டுபிடிக்கும், ஆனால் வௌவாலின் ஒலி நமக்குக் கேட்காது, இதன் ‘டிக் டிக்’ நம் காதுக்கே கேட்கும். இரவெல்லாம் பனை வகை மரங்களின் பழத்தை முழுதாக விழுங்கிவிட்டு, சதை செரித்ததும் கொட்டையைக் கக்கிவிடுகிறது, காட்டில் அது விதைப்பு. குஞ்சு கொழுப்பு ஏறித் தாயைவிட ஒன்றரை மடங்கு எடைக்கு வந்துவிடும். அந்தக் கொழுப்புக்காகத்தான் குஞ்சுகளை எடுத்துக் காய்ச்சி விளக்குக்கும் சமையலுக்கும் எண்ணெய் எடுத்தார்கள். ஹம்போல்ட் என்ற ஜெர்மன் இயற்கையியலாளர் 1799இல் வெனிசுவேலாவின் காரிப்பே குகையில் இதைப் பார்த்து எழுதி வைத்திருக்கிறார். அந்தக் கதை தெரிந்த பிறகு அந்தப் பாறைத் திட்டைப் பார்ப்பது வேறு மாதிரி இருந்தது. கக்கிய விதைகளாலும் எச்சத்தாலும் கட்டிய கூட்டில் ஒரு பறவை தலையை மட்டும் நீட்டி எங்களையே பார்த்தது. டார்ச் அணைந்தது. திரும்பி ஏறும்போது யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சாப்பாட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அரிமாவில் ஒரு கடையில் கறியில் கறிவேப்பிலை மணம் வந்தது. கேட்டால் ‘கரப்புலே’ என்றார் கடைக்கார அம்மா. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்டவர்களில் பெரும்பாலானோர் கல்கத்தா வழியே போனவர்கள், சென்னையிலிருந்தும் சில கப்பல்கள் போயிருக்கின்றன. அந்த அம்மாவுக்குத் தமிழ் ஒரு சொல் தெரியாது, அந்த இலையின் பெயர் மட்டும் வாயில் இருக்கிறது. என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது.

மூன்றாம் நாள் மாலை கரோனி சதுப்பு நிலத்தில் படகில் போனோம். அலையாத்திக் காடு, மேலே சுருண்டு தூங்கும் பாம்பு, அப்புறம் சூரியன் சாயச் சாய செந்நிற அரிவாள் மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக வந்து ஒரு தீவின் மரங்களில் இறங்கின. நண்டு, இறாலில் இருக்கும் நிறமிதான் அந்தச் சிவப்பு, குஞ்சுகள் பழுப்பாகவே இருக்கும். பச்சை மரம் சிவப்பாக மாறுவதைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள், எல்லாம் உண்மை.

கிளம்புகிற நாள் காலையில் நான் குப்பிகள் பக்கமே போகவில்லை. படிக்கட்டில் மனைவி நின்ற இடத்தில் உட்கார்ந்தேன், கேமரா மடியில். ஆறே முக்கால் இருக்கும், வெர்வெய்ன் கதிர் ஒன்றின் பக்கத்தில் ஒரு வண்டு. முதுகில் வெள்ளைக் கோடு. திரும்பியபோது செம்மண் நிறக் கொண்டை, சிவந்த அலகு, கன்னத்திலிருந்து இரு பக்கமும் விசிறியாக ஆரஞ்சு இறகுகள், ஒவ்வொரு நுனியிலும் பச்சைப் பொட்டு. ஒரு பூ, அடுத்த பூ, அடுத்த கதிர். அவசரமே இல்லை. கேமராவை எடுக்கத் தோன்றவில்லை. மனைவி பின்னாலிருந்து என் தோளில் கை வைத்தாள், பேசவில்லை.

தென்காசிக்குத் திரும்பி வந்தபோது காம்பவுண்டு சுவர் ஓரம் சீமை நாயுருவி நாலைந்து முளைத்திருந்தது. முன்பெல்லாம் களை எடுக்க வருகிறவர் அதையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவார், நாங்களும் ஒன்றும் சொன்னதில்லை. அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்த செடி அது, பெயரிலேயே சீமை இருக்கிறது, எந்தச் சீமை என்று இத்தனை நாள் நான் கேட்டதில்லை. இப்போது அந்த ஓரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறோம். காலையில் பட்டாம்பூச்சி வருகிறது. சில நாள் ஊதாப்பிட்டத் தேன்சிட்டு வந்து அந்த மெல்லிய கதிரில் உட்காரப் பார்க்கும், கதிர் அப்படியே வளைந்து தரையைத் தொடும், அது விடாமல் பிடித்துக்கொண்டு தலைகீழாகத் தொங்கிக்கொண்டே குடிக்கும்.