குவான்தோ வியேனே?

இத்தாலியின் அரேட்சோவில் மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தின சனியும் பழம்பொருள் சந்தை. 1968-ல் இவான் புருஸ்கி என்ற பழம்பொருள் வியாபாரி தொடங்கி வைத்தது. சரிவான பியாட்சா கிராந்தே சதுக்கமும் சுற்றியுள்ள சந்துகளும் நாற்காலி, கடிகாரம், பழைய சாவி என்று நிரம்பிக் கிடக்கும்.

விலை கேட்க 'குவான்தோ கோஸ்தா' என்றுதான் எல்லோரும் படித்துவிட்டு வருகிறார்கள். எனக்குப் பிடித்தது 'குவான்தோ வியேனே?' வார்த்தைக்கு வார்த்தை, நம்ம 'எவ்வளவு வருது?'தான்! கேட்ட நாளிலிருந்து மறக்கவே இல்லை.

எதையும் தொடும் முன் 'பொஸ்ஸோ?' (தொடலாமா?) என்று கேளுங்கள். கடைக்காரர் முகமே மலரும். பேரத்துக்கு 'மி ஃபா உனோ ஸ்கோந்தோ?' (குறைத்துத் தருவீர்களா?). குறைக்க மாட்டேன் என்றால் 'ச்சி பென்சோ', யோசிக்கிறேன். நம்ம காதுக்கு 'ச்சீ' மாதிரிதான் விழும், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். சொல்லிவிட்டு மெதுவாக நடங்கள், ரொம்ப மெதுவாக.

நான் சறுக்கியது வெள்ளிச் சாமானில். ஒரு கரண்டி. 'ஆர்ஜெந்தோ?' என்று கேட்டேன். அவர் சொன்னது 'ஆர்ஜெந்தாத்தோ'. முதலாவது வெள்ளி, இரண்டாவது வெள்ளி முலாம். நடுவில் இருந்த 'தா' என் காதில் விழவில்லை. காம்பின் பின்புறம் 800 என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும். ஆயிரத்தில் 800 பங்கு வெள்ளி என்று அர்த்தம். வாங்கிவந்த அந்தக் கரண்டி இப்போது ஊறுகாய் ஜாடியில் கிடக்கிறது, ஓரமெல்லாம் பித்தளை பல்லிளிக்கிறது.