நுரை வராத சோப்பு

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை லேபில் ஐந்து வருஷம் வேலை பார்த்தேன். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து பட்டறைகளை மூடியதற்கு முந்தைய காலம். எங்களுக்குத் தண்ணீர் லாரியில்தான் வரும்.

ஒரு ராத்திரி ஓடிய நேவி நீல லாட் (ஒரே தடவையில் சாயம் ஏற்றும் துணி), காலையில் பார்த்தால் திட்டுத்திட்டாக மங்கிக் கிடந்தது. லேப் டிப் (முதலில் லேபில் சின்னத் துணியில் சாயம் ஏற்றிப் பார்ப்பது) சரி, சாயத்தின் எடை சரி, உப்பு, சோடா ஆஷ், 60 டிகிரி சூடு எல்லாமே சரி. சாய மாஸ்டர் மெஷின்காரரைத் திட்டினார், நான் சாயத்தைச் சந்தேகப்பட்டேன். தண்ணீர்ப் பக்கம் நான் போகவே இல்லை, ஏனென்றால் தினமும் காலை எட்டு மணிக்கு தண்ணீரின் ஹார்ட்னஸ், அதாவது கடினத்தன்மை, பார்ப்பவனே நான்தான், அன்றைக்கும் அது 50 பிபிஎம்முக்குக் கீழே, சரியாகத்தான் இருந்தது.

மத்தியானம் லாரி டிரைவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "பழைய கிணறு வத்திப் போச்சுங்க சார், நேத்திருந்து வேற போர்த் தண்ணிங்க."

தண்ணீரின் கடினத்தைப் போக்கும் சாஃப்ட்னர் தொட்டியில் இருக்கும் ரெசின் மணிகள் ஓரளவுக்குத்தான் கால்சியத்தைப் பிடிக்கும், அப்புறம் உப்புக் கரைசல் விட்டுக் கழுவினால்தான் மறுபடி பிடிக்கும். நாங்கள் காலையில் ஒரு தடவை கழுவுவோம், கழுவிய கையோடு நான் சாம்பிள் எடுப்பேன். புதுத் தண்ணீரில் கடினம் அதிகமாக இருந்ததால் ராத்திரியிலேயே ரெசின் தீர்ந்து, கால்சியம் நேராக மெஷினுக்குப் போய், சோடா ஆஷ் போட்டதும் துணியிலேயே படிந்திருக்கிறது.

சாஃப்ட்னர் பார்க்கும் அண்ணனிடம் கேட்டேன். "ஆமாங்க தம்பி, ராத்திரி கை கழுவறப்ப சோப்பு நுரையே வரலீங்க" என்றார்.

கிணறு மாறியது டிரைவருக்குத் தெரியும். நுரை வராதது அண்ணனுக்குத் தெரியும். கடினத் தண்ணீர் சாயத்தை என்ன செய்யும் என்பது எனக்குத் தெரியும். புதுச் சாயம் வந்தால் தெரியாது என்று சொல்லி மாஸ்டரிடம் கேட்கத் தயங்கியதில்லை. தண்ணீர் விஷயத்தில், கையில் ஒரு நம்பர் இருந்ததால் கேட்க எதுவுமில்லை என்று இருந்துவிட்டேன். படித்தவன் என்பதால் அவர்களை விட எனக்குத்தான் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பொறுப்பு அதிகம்.

அன்றைக்கே சாஃப்ட்னர் பக்கத்தில் தண்ணீரின் கடினத்தை நிறத்தில் காட்டும் இண்டிகேட்டர் பாட்டிலை வைத்துச் சொல்லிக் கொடுத்தேன், நீலம் வந்தால் விடலாம், சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். அண்ணன் அதற்கு முன்னால் சோப்பைத்தான் போட்டுப் பார்ப்பார். ரெஜிஸ்டரில் மூன்று கட்டம் போட்டோம்: எந்தக் கிணறு, நுரை வந்ததா, என்ன நிறம்.