ஆச்சாள்புரத்தில் அக்காவோடு

என் அக்கா மகன் போய் 3 வருடம் ஆகிறது. 16 வயது, டெங்கு, ஐந்தே நாள். அதற்கப்புறம் அக்கா எந்தக் கோயில் வாசலையும் மிதிக்கவில்லை, நாங்களும் வற்புறுத்தவில்லை. வீட்டில் அவன் பேச்சு எடுத்தாலே அந்த ஐந்து நாள் கதைதான் வரும், எந்த நாள் காய்ச்சல் விட்டது, எந்த ராத்திரி தட்டணுக்கள் இறங்கியது, யார் ஓடினார்கள், யார் ரத்தம் கொடுத்தார்கள் என்று. அதற்கு முன்னால் ஒரு பிள்ளை 16 வருடம் அந்த வீட்டில் ஓடி விளையாடிக்கொண்டிருந்தான் என்பதையே எல்லோரும் மறந்துவிட்ட மாதிரி இருந்தது.

போன மாதம் அக்காவே, "சீர்காழிக்குப் போயிட்டு வரலாமா தம்பி" என்று கேட்டாள். காரணம் கேட்கவில்லை. கும்பகோணத்திலிருந்து விடிகாலை பஸ் பிடித்தோம்.

சீர்காழியில் முதலில் பிரம்ம தீர்த்தக் கரைதான். அப்பா சிவபாத இருதயர் குளத்துக்குள் முங்கி நிற்க, கரையில் 3 வயதுப் பிள்ளை சம்பந்தன் அழுதானே, அம்மையே பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாளே, அந்த இடம். யார் கொடுத்த பாலைக் குடித்தாய் என்று சிவபாத இருதயர் கோலை ஓங்க, பிள்ளை மேலே கையைக் காட்டி 'தோடுடைய செவியன்' என்று பாடினார். சித்திரையில் நடக்கும் திருமுலைப்பால் விழாவுக்குப் பெண்கள் பாலோடு வந்து குவிவார்கள். அன்றைக்குக் கூட்டமில்லை. அக்கா படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தாள். அப்புறம் உள்ளே போய் பிரம்மபுரீஸ்வரரையும், மேல்தளத்தில் தோணியப்பரையும், அதற்கும் மேலே சட்டைநாதரையும் கும்பிட்டோம். 2023-ல் குடமுழுக்கு வேலைக்காக இந்தக் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது ஐம்பொன் சிலைகளும், தேவாரப் பாடல்கள் பொறித்த செப்பேடுகள் நூற்றுக்கணக்கிலும் கிடைத்தன. யாரோ ஒரு காலத்தில் அந்தப் பிள்ளை பாடியது அழிந்துவிடக் கூடாது என்று செம்பில் வெட்டிப் பத்திரமாக மூடி வைத்திருக்கிறார்கள். அதைச் சொன்னதும் அக்கா, "அவன் நோட்டு ஒண்ணு எங்கிட்ட இருக்கு" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை.

அங்கிருந்து ஆட்டோவில் ஆச்சாள்புரம். கொள்ளிடம் வழியாக, ரெண்டு பக்கமும் வயல். தேவாரத்தில் இதற்குப் பெயர் நல்லூர்ப் பெருமணம். சம்பந்தருக்குக் கல்யாணம் நடந்த ஊர், அந்தக் கல்யாணத்திலேயே அவர் சோதியில் கலந்த ஊரும் இதுதான். அப்போது வயது 16. எனக்கு உள்ளுக்குள் பயம், அக்காவுக்கு இந்த வயதுக் கணக்கு தெரியுமோ தெரியாதோ என்று. தெரிந்துதான் வந்திருக்கிறாள் என்பது எனக்கு அங்கே போன பிறகுதான் புரிந்தது.

சிவலோகத் தியாகேசர் சந்நிதியில் எங்களைத் தவிர ரெண்டு பேர்தான். சம்பந்தரைப் பால் கிண்ணத்தோடு குழந்தையாகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இங்கே மணக்கோலத்தில், பக்கத்தில் மனைவியோடு பார்ப்பது என்னவோ செய்கிறது. குருக்கள் நிதானமாகக் கதை சொன்னார். மணப்பெண்ணின் கையைப் பிடித்துத் தீ வலம் வரும்போதே பிள்ளைக்கு மனசெல்லாம் சிவன் திருவடி மேல்தான், கோயிலே சோதியாக எழுந்து அதில் ஒரு வாசல் தெரிந்தது, 'காதலாகிக் கசிந்து கண்ணீர் மல்கி' என்று நமச்சிவாயப் பதிகம் பாடி, கல்யாணத்துக்கு வந்த அத்தனை பேரையும் உள்ளே போகச் சொன்னார் என்று. திருநீலநக்கர், முருக நாயனார், யாழ்ப்பாணர், பெற்றவர்கள், சமையலுக்கு வந்தவர்கள் வரை எல்லோரும் போனபிறகு, மனைவி கையைப் பிடித்துக்கொண்டு கடைசியாகத்தான் அவர் போனார். வைகாசி மூலத்தில் இதை அப்படியே விழாவாக நடத்துகிறார்கள், ராத்திரி கல்யாணம், விடிவதற்குள் சோதி தரிசனம்.

அக்கா திடீரென்று கேட்டாள்: "மயிலாப்பூர்ல சாம்பலா இருந்த பொண்ணையே எழுப்பிக் கொடுத்தாரே சாமி. எத்தனை பேர் வீட்டுல அழுதோம், எங்களுக்கு ஏன் அது நடக்கல?"

குருக்கள் பதில் சொல்லவில்லை, எனக்கு அதுவே சரியாகப் பட்டது. வெண்ணீற்று உமையம்மை சந்நிதிக்குக் கூட்டிப் போனார். கல்யாணத்துக்கு வந்தவர்களுக்கெல்லாம் அம்மையே திருநீறு கொடுத்த தலம் என்பதால் இங்கே அம்மன் சந்நிதியிலும் குங்குமம் இல்லை, திருநீறுதான் பிரசாதம். அக்கா கையில் கொஞ்சம் கூடவே போட்டார். அவள் அதை நெற்றியில் வைத்துக்கொண்டு, மீதியைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே அழுதாள். இந்த 3 வருடத்தில் அவள் சத்தம் போட்டு அழுது நான் பார்த்ததில்லை.

பிராகாரத்தில் உட்கார்ந்தபோது பெரியபுராணத்தைப் பற்றிச் சொல்வார்களே, 'பிள்ளை பாதி, புராணம் பாதி' என்று, அதைச் சொன்னேன். 63 நாயன்மார்களில் இந்த ஒரு பிள்ளைக்கு மட்டும் சேக்கிழார் 1,256 பாட்டு பாடியிருக்கிறார். அதில் எத்தனை ஊர், எத்தனை பேர்! தன்னைப் பார்க்கச் சீர்காழிக்கு வந்த நாவுக்கரசரை 'அப்பரே' என்று கூப்பிட்டு, அந்தப் பெயரே அவருக்கு நிலைத்துவிட்டது. சோதியில் கலந்தது அந்த நீளத்தில் கடைசிக் கொஞ்சம்தான்.

அதற்கப்புறம்தான் அக்கா பேச ஆரம்பித்தாள். திரும்பி வரும் பஸ் முழுக்க அவன்தான். அவன் வளர்த்த புறாக்களுக்கெல்லாம் பேர் வைத்து நோட்டில் எழுதி வைத்திருந்தது, எது எப்போது முட்டை வைத்தது என்று கணக்கு, ஒரு கறுப்புப் புறாவை அடுத்த தெருப் பையனுக்கு 150 ரூபாய்க்கு விற்க, அது மூன்று தடவை திரும்ப வந்துவிட, ரெண்டு தடவை கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மூன்றாவது தடவை காசைத் திருப்பிக் கொடுத்தது. "அம்மா, அதுக்கே நம்ம வீடுதான் பிடிச்சிருக்கு, நான் என்ன செய்ய" என்றானாம். அவன் குரலிலேயே சொல்லிக் காட்டிச் சிரித்தாள்.

"கறுப்பி இன்னும் மாடியிலதான் இருக்கா, தெரியுமா? காலையில அரிசி போடணும். வைத்தீஸ்வரன் கோயில் தாண்டியாச்சா பாரு தம்பி."